நவம்பர் ஆறாம் தேதி வானம்

2024 பிப்ரவரி 1, வியாழன்

பல் டாக்டரிடம் போயிருந்தேன். இடது பக்கக் கடைவாய்ப் பல், மூன்று வாரமாக உயிரை எடுக்கிறது. காத்திருக்கும் அறையில் என்னைத் தவிர யாருமில்லை. சுவரில் புது வருஷக் காலண்டர், இன்னும் ஜனவரிப் பக்கமே தொங்கிக்கொண்டிருந்தது. அப்படி இருந்தால் எனக்குக் கை சும்மா இருக்காது. எழுந்துபோய்ப் பிப்ரவரிக்குத் திருப்பினேன்.

படத்தில் எங்கள் கோல்சே ஏரி. பின்னால் மொட்டைக் குன்று. வானம் முழுக்கத் துருவ ஒளி. பச்சை நாடா இரண்டாக மடிந்து, அடியோரம் ரோஸ், உச்சியில் ரத்தச் சிவப்பு. அந்தச் சிவப்பு சில வருஷங்களுக்கு ஒரு தரம்தான் எங்களுக்குக் காட்சி கொடுக்கும். கீழே ஏரிக்கரையோரம் நீலம் கலந்த ஒரு விளக்கு, கோடாக இழுபட்டிருந்தது. அதை ஒட்டிக் கறுப்புப் புள்ளிகள், வரிசையாக, பனிக்கட்டியின் மேல்.

புள்ளி இல்லை. என் மான்கள்.

நீல விளக்கு வைத்த பனிவண்டி இந்த ஊரில் ஒன்றே ஒன்றுதான். சம்மோலின் வண்டி.

டாக்டர் என்னவோ கேட்டார், நான் என்னவோ தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் பல் இல்லை. காலண்டர் என் கோட்டுக்குள் இருக்கிறது.

பிப்ரவரி 2

வரிசையாக எழுதி வைத்துக்கொள்கிறேன். அடுத்த மந்தைக்காரர் கூட்டத்தில் எழுந்து நின்றால் ஆத்திரத்தில் எனக்கு நாக்கு புரளும், அதற்காக.

2022 நவம்பர் 6, ஞாயிறு. மந்தை கோல்சே ஏரிக்கரையில். அன்று காவல் முறை என் புருஷன் பியேராவுக்கு. சாயங்காலம் ஐந்து மணிக்குமேல் குடிசைக்குப் போய்க் காபி வைத்துக் குடித்துவிட்டு, ஈரக் கையுறையை மாற்றிக்கொண்டு திரும்பியிருக்கிறான். அதற்குள் ஓடை வந்து விழும் முகத்தில் பனிக்கட்டி உடைந்து, மந்தையில் பாதி தண்ணீரில். ரேடியோவில் கூப்பிட்டான். நான் போய்ச் சேர்ந்தபோது கயிறு வீசிக்கொண்டிருந்தான், இடுப்புவரை நனைந்து. இழுத்தோம். இழுத்ததெல்லாம் பிழைக்கவில்லை.

எத்தனை போயிற்று என்று இங்கேகூட எழுத மாட்டேன். மந்தைக் கணக்கை எங்கள் ஆட்கள் வாய்விட்டுச் சொல்வதுமில்லை, கேட்பதுமில்லை. முக்கால்வாசி என்னுடையவை, காதில் என் குறி வெட்டியவை, பியேராவின் குறி கொஞ்சம். முன்னால் போகும் வெள்ளைக் கிடாவும் போயிற்று. கழுத்தில் மணி கட்டி, நானே புட்டியில் பால் கொடுத்து வளர்த்தது.

கரையில் பனிவண்டித் தடம் பார்த்தேன். அகலத் தடம். என் கண்ணால் பார்த்தேன். மறுநாள் பனி கொட்டி எல்லாவற்றையும் மூடிவிட்டது.

சம்மோல் என் சித்தப்பா மகன். பல குடும்பம் சேர்ந்து மேய்க்கும் எங்கள் மந்தைக் கூட்டில் அவனும் பங்காளி, ஆனால் மான் பார்ப்பதைவிட வெளிநாட்டுக்காரர்களுக்கு வானம் காட்டுவதுதான் அவன் பிழைப்பு. மந்தைப் பக்கம் வண்டியை விடாதே என்று எத்தனை தரம் சொல்லியிருக்கிறேன். கூட்டத்தில் கேட்டபோது, "என் வண்டி அன்னிக்குக் கொட்டாயை விட்டே அசையல" என்றான். நம்பினார்கள். காவல் சரியில்லை என்று எழுதிக்கொண்டார்கள். எங்களைக் கிழக்கு மேய்ச்சலுக்குத் தள்ளினார்கள். அங்கே பனிக்கு அடியில் பாசிகூட ஒழுங்காகக் கிடையாது. இது இரண்டாவது குளிர்காலம்.

கூட்டை விட்டே அவனைத் துரத்த வேண்டும். அவன் பேரைச் சொன்னாலே ஊர் காறித் துப்ப வேண்டும். அதற்குக் குறைந்து எதுவும் எனக்கு வேண்டாம்.

பிப்ரவரி 3

படத்தைப் பியேராவிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தான்.

"எந்த நாளா வேணா இருக்கலாம். விடு ராவ்னா."

இவ்வளவுதான். முப்பது வருஷமாக இந்த மனுஷன் வாயிலிருந்து ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை உதிர்ந்தால் அதிகம். "உன் காவல்லதான் போச்சுன்னு ஊரே பேசுது, உனக்கு ரோஷமே கிடையாதா?" என்று கத்தினேன். எழுந்து விறகு பிளக்கப் போய்விட்டான். பிளந்த விறகே வசந்தம்வரை வரும்.

வாயில்லாப் பூச்சி. இவனுக்கும் சேர்த்து நான்தான் பேச வேண்டியிருக்கிறது. பதினைந்து மாதமாகப் பேசிக்கொண்டுதானே இருக்கிறேன்!

ஆனால் ஒன்று சரி. எந்த நாள் என்று நிரூபிக்காவிட்டால் சம்மோலும் இதையேதான் சொல்வான்.

பிப்ரவரி 6

வட நார்வேயின் மான்கார ஜனமான எங்களுக்குத் தேசிய நாள். சமூகக் கூடத்தில் மான்கறி சூப்பு, பாட்டு, நீலச் சட்டையும் சிவப்புப் பட்டையுமாக ஊர் மொத்தமும். சூப்பு வரிசையில் சம்மோல் எனக்கு முன்னால் நின்றான். பேச்சு ஓய்ந்த நேரம் பார்த்துச் சத்தமாகக் கேட்டேன்.

"சம்மோலு, போன வருஷத்துக்கு முந்தின நவம்பர் ஆறாம் தேதி உன் வண்டி எங்க இருந்துச்சு?"

கரண்டி பிடித்திருந்தவள்கூட நிறுத்திவிட்டாள். அவன் என் தோளுக்குப் பின்னால் ஒரு பார்வை பார்த்தான். இரண்டு கையிலும் கிண்ணத்தோடு பியேரா நின்றான். பியேரா முகத்தைப் பார்க்கச் சம்மோலுக்குக் கூசியிருக்கும், கூசட்டும்.

"கொட்டாயிலதான். அப்பவே சொல்லிட்டேனே அக்கா."

படத்தை நான் காட்டவில்லை. இப்போது காட்டினால் ஏதாவது கதை கட்டிக்கொள்வான். பொய்யை அவன் வாயாலேயே மறுபடி சொல்ல வைத்தேன், நாற்பது பேர் காது குளிரக் கேட்டார்கள். சூப்பு ருசியாக இருந்தது. இரண்டாம் தரம் வாங்கிக் குடித்தேன்.

பிப்ரவரி 9

குன்றின் மேலிருக்கும் வான ஆய்வு நிலையத்துக்குப் போனேன். அங்கே ஹால்வர் என்று ஒருவர், தெற்கத்தி நார்வேக்காரர். கூரையில் ஒரு காமிரா வைத்திருக்கிறார்கள், முழு வானத்தையும் ஒரே வட்டத்தில் பிடிக்கும், நிமிஷத்துக்கு ஒரு படம், வருஷக்கணக்காக. மேகம் இருந்தாலும் எடுக்கும், யாரும் பார்க்காவிட்டாலும் எடுக்கும்.

காலண்டரை அவர் மேசையில் வைத்து, இந்த வானம் எந்த நாளுடையது என்று கேட்டேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"ஒருதரம் வந்த மாதிரி ஒளி இன்னொருதரம் வராதுங்க. மடிப்பு, கிழிசல், எல்லாம் அந்த நிமிஷத்தோட சரி. இருந்தா கண்டுபிடிச்சிடலாம்."

அரை மணி நேரம் தேடினார். நான் 2022 நவம்பர் 6 என்று சொல்லவே இல்லை. வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. அவராகவே தேடி, அவராகவே போய் நின்ற இடம்: 2022 நவம்பர் 6, மாலை 5.42. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். அதே மடிப்பு. இடது ஓரத்தில் அதே கிழிசல். மேலே அதே சிவப்பு. 5.43-இல் மடிப்பு கலைந்துவிட்டது.

அச்செடுத்து முத்திரை குத்திக் கையெழுத்தும் போட்டார். எதுக்கு என்று கேட்டார். "ஒருத்தனை ஒழிக்க" என்றேன். அப்போதுதான் சிரித்தார்.

பிப்ரவரி 10

சூரியன் இறங்கின பிறகு தெற்கே, கடுங்குளிரில் எப்போதாவது வரும் முத்துச்சிப்பி மேகம், ரோஸும் பச்சையும் ஊதாவுமாக. கடையிலிருந்தவர்கள் எல்லாரும் வாசலுக்கு வந்து வாயைப் பிளந்து நின்றார்கள். அழகாகத்தான் இருந்தது. எனக்கு அது மனசில் இறங்கவே இல்லை.

பிப்ரவரி 14

எழுதவா வேண்டாமா? எழுதுகிறேன்.

சாயங்காலம் ஐந்தரை. வீட்டுக்குப் பின்னால் மீன் காயப்போடும் பரண் பக்கம் நின்றேன். நேர் மேலே ஒளி, திரை மாதிரி அலைந்தது. ஒளியைப் பார்த்துச் சீட்டியடிக்கக் கூடாது, கேலி செய்யக் கூடாது, அடித்தால் இறங்கி வந்து ஆளைத் தூக்கிக்கொண்டு போகும். பேசத் தெரிவதற்கு முன்னாலேயே எங்களுக்கு இது தெரியும். சின்ன வயதில் நான் ஒளி வந்தால் வாயைக் கையால் பொத்திக்கொண்டுதான் வீட்டுக்குள் ஓடுவேன்.

சீட்டியடித்தேன். ஐம்பத்தோரு வயசில். மூன்று தரம்.

"அன்னிக்கு என் மந்தையை ஏரிமேல ஓட்டினவன் எவனோ, அவனைத் தூக்கிக்கிட்டுப் போ."

பேரைச் சொல்லவில்லை. சித்தப்பா மகன், ஒரே ரத்தம், பேரைச் சொல்ல வாய் வரவில்லை. யாரென்று அதற்குத் தெரியும்.

உள்ளே வந்தபோது பியேரா கையுறை தைத்துக்கொண்டிருந்தான். வெளியே யார் சீட்டியடித்தது என்று கேட்டான். காற்று என்றேன்.

பிப்ரவரி 20

பெட்ரோல் போடப் போன இடத்தில் சம்மோல் என் வண்டிப் பக்கமாக வந்தான். ஆய்வு நிலையத்துக்கு நான் போனது காதில் விழுந்திருக்கிறது. பக்கத்தில் யாருமில்லையா என்று பார்த்துக்கொண்டு, "அக்கா, இதை விட்டுடு. உனக்குத்தான் நல்லது" என்றான்.

என்னையே மிரட்டுகிறான்! கொழுப்பு எவ்வளவு பார்!

"மார்ச் இருபத்திரண்டு கூட்டம். வந்து சேரு" என்றேன். அவன் என்னவோ சொல்ல வாயெடுத்து, தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டு போனான். பயந்துவிட்டான். ராத்திரி நன்றாகத் தூக்கம் வந்தது.

பிப்ரவரி 23

படத்துக்கு அடியில் எடுத்தவள் பேர் பொடி எழுத்தில் இருக்கிறது. இட்சியார், ஸ்பெயின், பில்பாவோ. வண்டி ஓட்டினவனை அவளே அடையாளம் சொன்னால் சம்மோலுக்குத் தப்ப வழியே கிடையாது. போனிலேயே மொழிபெயர்த்துக் கடிதம் அனுப்பினேன். படம் ரொம்பப் பிரமாதம், அன்று உங்களைக் கூட்டிப்போனது யார், அவருடைய படம் இருக்கிறதா. தேனொழுக எழுதினேன். எனக்கு இப்படியெல்லாம் எழுத வரும் என்று எனக்கே தெரியாது.

மார்ச் 2

பதில் இல்லை.

மார்ச் 5

கூட்டுத் தலைவர் இஸ்காசிடம் போய், இருபத்திரண்டாம் தேதி நவம்பர் ஆறு விஷயத்தை மறுபடி எடுக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். ஆதாரம் இருக்கா என்றார். வானமே சாட்சி என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பார்க்கட்டும்.

பியேரா இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. வயிறு சரியில்லையாம்.

மார்ச் 11

வந்துவிட்டது.

நீளமான கடிதம். அன்பொழுக. அந்த நாளை அவள் மறக்கவே மாட்டாளாம். அவர்கள் நாலு பேர், எல்லாரும் பெண்கள். கூட்டிவந்தவர் அவ்வளவு அருமையான மனிதராம். இந்த ஒளிக்கு எங்கள் பேச்சில் ‘கேட்கும் ஒளி’ என்று பேராம், அதைச் சொல்லிவிட்டு அவர்களைப் பத்து நிமிஷம் மூச்சுக் காட்டாமல் உட்கார வைத்தாராம். அப்புறம் கதை கதையாகச் சொன்னாராம். ஒருத்தி, ஒளிக்குக் கீழே மான் வந்தால் படம் எப்படியிருக்கும் என்று ஆசைப்பட்டாளாம். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, நீங்கள் கரையிலேயே இருங்கள் என்று சொல்லி, வண்டியை எடுத்துக்கொண்டு போய் ஏரிமேல் ஒரு வளைவு போட்டாராம். மணி கட்டிய வெள்ளை மான் அவர் பின்னாலேயே வந்ததாம், அதன் பின்னால் மற்றதெல்லாம். கையுறையோடு கைதட்டினார்களாம். அவருக்கு எங்கள் வணக்கம் சொல்லுங்கள்.

படமும் அனுப்பியிருக்கிறாள். நெருப்புப் பக்கத்தில் நாலு பெண்கள். நடுவில் பியேரா. என் பியேரா.

வாய் நிறையச் சிரிக்கிறான். கையை விரித்து என்னவோ சொல்லிக்கொண்டிருக்கிறான். அவன் பல்லைப் பார்த்து எத்தனை வருஷம் ஆயிற்று.

எழுந்து வெளியே ஓடினேன். எதுக்கு ஓடினேன்? ஓட்டினவன் எவனோ அவனைத் தூக்கிக்கிட்டுப் போன்னு சீட்டியடிச்சது நான்தானே — எங்கள் கொட்டாய்ப் பக்கம் போய்ப் பார்த்தேன். பியேரா வண்டிக்கு அடியில் படுத்து எதையோ முடுக்கிக்கொண்டிருந்தான். கால் மட்டும் வெளியே தெரிந்தது. இருந்தான்.

உள்ளே வந்துவிட்டேன்.

மார்ச் 12

விளக்கு முன்னால் போகிறது. மான்கள் பின்னால். படத்தில் அப்படித்தானே இருக்கிறது! சம்மோலைக் கண்டால் என் மந்தை நாலு பக்கமும் சிதறும், என் பின்னாலோ பியேரா பின்னாலோதான் வரிசையாக வரும். மந்தைக்குள்ளேயே வளர்ந்தவள் நான், நாற்பது நாளாகத் தினமும் இந்தப் படத்தை எடுத்து எடுத்துப் பார்த்தேன். இது தெரியவில்லை.

மார்ச் 13

கேட்டேன். படத்தை மேசையில் வைத்தேன், பியேராவின் காபிக் கோப்பைக்குப் பக்கத்தில்.

ஒளிக்கவில்லை. அந்தக் குளிர்காலம் நாலைந்து தரம் சம்மோல் வண்டியில் வானம் காட்டப் போயிருக்கிறான். சம்மோலுக்கு ஆள் போதாத நாட்களில். அன்று தன் காவல் முறையிலேயே போயிருக்கிறான், மந்தை பக்கத்திலேயேதானே இருக்கிறது என்று. ஓடை முகத்தில் பனிக்கட்டி மெலிசு என்று அவனுக்குத் தெரியும். வெள்ளைக் கிடா மோந்து பார்க்காமல் காலெடுத்து வைக்காது, அபாயம் என்றால் அதுவே நின்றுவிடும் என்று நம்பினான். அது நிற்கவில்லை. வண்டி வேகமாகப் போனதால் தாங்கிவிட்டது. இவன் முன்னால் போகிறானே என்று அது மோந்துகூடப் பார்க்காமல் பின்னாலேயே வந்திருக்கிறது. மற்றதெல்லாம் கூட்டமாக அதன் பின்னால். இவன் எதிர்க்கரையைத் தொட்டுச் சுற்றிப் பெண்களிடம் வந்துவிட்டான், மந்தை கடந்துவிடும் என்று. அவர்களைக் கொண்டுபோய் விட்டுத் திரும்பிய பிறகுதான் தெரிந்தது.

நான் வீட்டுக்குப் போன பிறகு, பியேரா நனைந்த துணியோடு சம்மோலின் கொட்டாய்க்குப் போய் உட்கார்ந்திருக்கிறான். ராவ்னாவுக்குத் தெரிய வேண்டாம் என்று கேட்டிருக்கிறான். சம்மோல் அன்றிலிருந்து வாயைத் திறக்கவில்லை.

பதினாறு மாசம்! பதினாறு மாசமா நான் அவனைத் திட்டத் திட்ட நீ பக்கத்துல உக்காந்து காபி குடிச்சியேடா!

"ஏன் போனே? வீட்டுல என்ன குறை?"

கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னான்.

"அவங்க கேட்டாங்க ராவ்னா. நான் பேசினா, மேல சொல்லுன்னு கேட்டாங்க."

கோப்பையைத் தூக்கி எறிந்தேன். சுவரில் பட்டது, அவன்மேல் படவில்லை.

மார்ச் 16

சமைக்கவில்லை. பேசவில்லை. அவன் கறியை அவனே வேகவைத்துக்கொள்கிறான். எனக்கும் ஒரு தட்டு வைக்கிறான். நான் நாய்க்குப் போடுகிறேன்.

எதையும் சொல்லாமல் விட்டுவிடலாமா? எழுதிக் கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கொண்டால் யாருக்கும் தெரியாது. நான் சம்மோலைக் கறுவினது மட்டும் அப்படியே நிற்கும். அவனும் வாயைத் திறக்க மாட்டான்.

கூடாது. இவனை நான் சும்மா விடப்போவதில்லை.

மார்ச் 21

அவனிடம் ஒன்றே ஒன்று சொன்னேன். "பேசத்தானே ஆசைப்பட்டே? நாளைக்கு நம்ம ஜனத்துக்கு முன்னால பேசு. ஒண்ணு விடாம."

முகம் செத்துப்போயிற்று. இதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

மார்ச் 22

கூட்டம். நாற்காலி போதவில்லை. நான் சம்மோலைக் கிழிக்கப்போவதைப் பார்க்கத்தான் எல்லாரும் வந்திருந்தார்கள். சம்மோல் கடைசி வரிசையில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டிருந்தான்.

எழுந்தேன். சம்மோல்மேல் நான் சொன்னது ஒன்றும் நிஜமில்லை, மீதியை என் புருஷன் சொல்வான் என்றேன். காலண்டர் படத்தையும் பில்பாவோக்காரி அனுப்பிய படத்தையும் முன்னால் வைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

பியேரா போய் நின்றான். முதலில் குரலே வரவில்லை. நான் உதவவில்லை. திணறட்டும் என்று இருந்தேன். அப்புறம் அந்த வானத்திலிருந்து ஆரம்பித்தான். எப்படி மடிந்தது, எந்த இடத்தில் சிவப்பு இறங்கியது. பெண்கள் என்ன கேட்டார்கள். வண்டியைத் திருப்பும்போது பின்னால் மணிச் சத்தம் கேட்டதும் தனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அந்த மணிச் சத்தம் எப்போது நின்றது என்று தனக்குத் தெரியாது, ஏனென்றால் அந்த நேரம் தான் பெண்களிடம் பேசிக்கொண்டிருந்ததாகச் சொன்னான்.

இருபது நிமிஷம். ஒரு இருமல் சத்தம்கூட இல்லை. என் வெள்ளைக் கிடாவுக்காக நான் அழுதேன். பழிவாங்கத்தான் இவனை அங்கே நிறுத்தினேன். ஆனால் அவன் முடித்தபோது, இன்னும் கொஞ்சம் சொல்லக்கூடாதா என்றிருந்தது. அதற்காக என்மேலேயே எனக்கு ஆத்திரம்.

இஸ்காஸ் தீர்ப்புச் சொன்னார். கிழக்கு மேய்ச்சல் அப்படியே இருக்கும். இரண்டு வருஷத்துக்குப் பியேரா தனியாகக் காவல் நிற்கக் கூடாது, கூட இன்னொருவர் நிற்க வேண்டும். ஐம்பத்தைந்து வயசு மான்காரனுக்கு இதைவிடக் கேவலம் கிடையாது. யார் கூட நிற்பது என்று கேட்டார். எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். கடைசி வரிசையிலிருந்து, "மாமாகூட நான் நிக்கிறேன்" என்று சம்மோல் எழுந்தான்.

"நீ உக்காரு. நான் நிக்கிறேன்" என்றேன். எனக்கே அதிர்ச்சி.

வெளியே வந்தபோது சம்மோல் தன் கார் பக்கத்தில் நின்றான். மன்னிப்புத்தான் கேட்க வேண்டும். அதற்குப் பதில் திட்டினேன். "எங்கிட்ட ஏண்டா மறைச்சே?"

"மாமா அழுது நான் பார்த்ததே இல்ல அக்கா" என்றான்.

"சரி. என்னைக் கொஞ்சம் வீட்ல விடு. அந்த ஆள்கூட நான் வர மாட்டேன்."

கதவைத் திறந்துவிட்டான்.

ஏப்ரல் 17

கடற்கரை மேய்ச்சலுக்குப் போகும் வழியில் நாலாம் நாள். இன்று காவல் முறை எங்களுக்கு. மந்தை படுத்து அசைபோடுகிறது. சாயங்காலம் ஏழு மணிக்கும் வானம் வெளிச்சமாக இருக்கிறது, இனி ஆகஸ்ட் வரைக்கும் ஒளி கண்ணுக்குத் தெரியாது. நெருப்புக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நான். வீட்டை விட்டுக் கிளம்பின பிறகு நாங்கள் பேசியது கயிறு, நாய், விறகு பற்றி மட்டும்தான்.

அவனாகவே ஆரம்பித்தான். பில்பாவோக்காரி ஒருத்தி, ஒளி வரும்போது மான்களுக்கு அது தெரியுமா என்று கேட்டாளாம். அதற்கு அவன் —

"வாயை மூடு" என்றேன். மூடிக்கொண்டான்.

காபி வைத்தான். கொடுத்தான், குடித்தேன். நாய் ஒரு சுற்றுப் போய்விட்டு வந்து படுத்தது. இரண்டு மணி நேரம் போயிருக்கும்.

"அப்புறம்? நீ அவகிட்ட என்ன சொன்னே?" என்று கேட்டேன்.